குடும்ப வன்முறை: உதவிக்கு வருபவர்கள் யார், என்ன செய்கிறார்கள்?

வீட்டில் அடி வாங்கும் பெண் அதை யாரிடம் சொல்கிறாள்? பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம். அவர்களிலும் பெரும்பாலானோர் போய் நின்றது பிறந்த வீட்டு வாசலில்தான். போலீஸ், மருத்துவர், வக்கீல், தொண்டு நிறுவனம் என்று போனவர்கள் மிகச் சொற்பம். அதே ஆய்வின்படி, கணவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த மணமான பெண்கள் நாடு முழுவதும் சுமார் 29 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம்.

அப்படி வெளியே உதவி தேடும் சொற்பப் பேர் ஒருநாள் துணிந்து வீட்டைத் தாண்டி வந்து யாரோ ஒருவர் முன் உட்காருகிறார்கள். அந்த ஒருவர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலராக இருக்கலாம். 181 மகளிர் உதவி எண்ணில் இரவு வேலை பார்க்கும் ஆலோசகராக, அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கட்டிலருகே நிற்கும் சமூகப் பணியாளராக இருக்கலாம். அவரிடம் கிடைக்கும் முதல் பத்து நிமிடத்தைப் பொறுத்துத்தான் அந்தப் பெண் மறுபடி வருவாளா, இல்லை இனி எங்கும் போக மாட்டேன் என்று வீடு திரும்புவாளா என்பது இருக்கிறது. சட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. அதைக் கையில் எடுத்து ஓடுகிறவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அவர்கள் யார், என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது, அவர்களுக்குத் தலைமை தாங்குவோரின் பொறுப்பு எது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம் பெயர் சொல்லிக் கைகாட்டும் ஆள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் அவருடைய ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ அமைப்பும் பெண்கள் இயக்கங்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன் அது. அதற்கு முன்பு வீட்டுக் கொடுமைக்கு இருந்த வழி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. அது குற்றவியல் வழி. கணவரைக் கைது செய்யலாம், வழக்கு நடத்தலாம். ஆனால் அன்று இரவு அவள் எங்கே படுப்பாள், மறுநாள் பிள்ளைக்குப் பால் வாங்கக் காசு ஏது என்பதற்கு அதில் பதில் கிடையாது. பல பெண்களுக்கு வேண்டியிருந்தது ஜெயில் தண்டனைகூட இல்லை. அடி நிற்க வேண்டும், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் வேண்டும். 2005 சட்டம் இந்தத் தேவைகளுக்காக எழுதப்பட்டது. அடி, உதை மட்டுமின்றிப் பாலியல் கொடுமை, சொல்லால் சிறுமைப்படுத்துவது, சம்பளத்தைப் பறிப்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் விடுவது எல்லாமே அதில் வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, மகள், கைம்பெண்ணான மருமகள், திருமணமின்றிக் கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழ்ந்த பெண் ஆகியோரும் இதில் வருகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் அச்சாணி பாதுகாப்பு அலுவலர். இயன்ற வரையில் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் இவர் சமூக நலத்துறையின் கீழ் வருகிறார். ஒரு பெண் வந்து சொன்னதும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நடந்ததைக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதுவது. இந்தப் பணியில் இருப்பவர்கள் அதை ‘டி.ஐ.ஆர்.’ என்பார்கள். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள், காயம் உண்டா, நகை, பாத்திரம், சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு நிரப்பும் அறிக்கை அது. நகல் ஒன்று அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போகும். பிறகு அவள் விரும்பினால் நடுவர் நீதிமன்றத்துக்கு மனு. இலவசச் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்வது, காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, தங்க இடமில்லையென்றால் இல்லம் பார்த்துக் கொடுப்பது, நீதிமன்றம் ஜீவனாம்சம் போட்டால் அது கைக்கு வருகிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர் கடமைகள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ப்பதும் அவர்தான். அதற்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் அதிகபட்சம் 2 நாள், நடுவர் நீட்டித்தால் ஒழிய.

நீதிமன்றத்தால் என்ன கொடுக்க முடியும் என்று தெரிந்தால்தான் இந்த அலுவலரின் கையில் எவ்வளவு பெரிய கருவி இருக்கிறது என்பது புரியும். அந்த ஆள் அவளை நெருங்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போனில் தொல்லை கொடுக்கக் கூடாது, கூட்டு வங்கிக் கணக்கைத் தொடக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை போடலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அவள் அங்கேயே இருக்கலாம் என்றும், தேவைப்பட்டால் அவரை வெளியேறச் சொல்லியும் குடியிருப்பு ஆணை போடலாம். பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பராமரிப்பு, நடந்த கொடுமைக்கு இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமியார் வீடு, மாமனார் வீடு என்று கைகாட்டிவிட்டு மருமகளை வெளியே தள்ளும் வழக்கத்துக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டது. சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், கணவரின் உறவினர் பெயரில் உள்ள வீடானாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று தீர்ப்பு வந்தது.

மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். எழுத்தில் இப்படி. நடப்பில் மாதங்களும் வருடங்களும் ஆகின்றன. ஒரு காரணம் நீதிமன்றங்களின் சுமை. இன்னொரு காரணத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இந்தப் பொறுப்பை நாட்டின் பல இடங்களில் வேறு வேலை பார்க்கும் அதிகாரியின் தலையில் கூடுதலாகக் கட்டிவிட்டார்கள். நிலவரி, நலத்திட்டம், கூட்டம், ஆய்வு என்று நாள் முழுக்க ஓடுகிறவர் ஒரு பெண்ணுக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது எப்படி? இதற்காகத் தனி ஆள் போட்ட மாநிலங்களிலும் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர் என்றால் மலைக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணுக்கு அவர் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறார். ‘வீ தி விமன் ஆஃப் இந்தியா’ என்ற அமைப்பு இதையெல்லாம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. 2025 மே மாதம் நீதிபதி நாகரத்னா தலைமையிலான அமர்வு, மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் அதிகாரிகளைக் கண்டறிந்து ஆறு வாரத்துக்குள் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

அலுவலகம் மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடும். வன்முறையோ பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். அந்த நேரத்துக்கு இருப்பவை இரண்டு. ஒன்று, 181 மகளிர் உதவி எண். தமிழ்நாட்டில் 2018 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது, அழைக்கக் கட்டணம் இல்லை. இன்னொன்று, ‘சகி’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையம். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. மருத்துவம், காவல், சட்ட உதவி, மனநல ஆலோசனை என்று நாலு கதவைத் தட்டாமல் ஒரே இடத்தில் பெறுவதற்காக ஏற்படுத்தியது. மைய நிர்வாகி, களப்பணியாளர், ஆலோசகர், சட்ட உதவியாளர், காவலாளி, பன்முக உதவியாளர் என்று சிறு குழு இருக்கும். ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம். அதற்கு மேல் என்றால் அரசின் சேவை இல்லத்துக்கோ, தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்துக்கோ மாற்றி அனுப்புவார்கள். ஐந்து நாள் என்பது மூச்சு வாங்கிக்கொள்ளப் போதும், வாழ்க்கையை மாற்றிக்கொள்ளப் போதாது. மகன் வளர்ந்த பையன் என்றால் பல பெண்கள் இல்லங்களில் அவனுக்கு இடமில்லை. அவனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அடிக்கே திரும்பிப் போகும் தாய்மார் உண்டு. இந்த இடைவெளியை நிரப்புவது களப்பணியாளரின் தனித்திறமை. எந்த இல்லத்தில் இடம் காலி, எந்த விடுதிக் காப்பாளர் மனிதத்தன்மையோடு நடப்பார், தையல் கம்பெனியில் யாரைக் கேட்டால் உடனே வேலை கிடைக்கும் என்பதெல்லாம் எந்த அரசாணையிலும் இல்லாத அறிவு.

அதோடு இவர்களுக்கு இருக்க வேண்டிய தொழில் அறிவும் ஒன்று உண்டு. வெளியே இருந்து பார்த்தால் உட்கார வைத்து ஆறுதல் சொல்வதுபோல் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது.

பெண்ணைத் தனியாகப் பேச வைப்பது முதல் விதி. கணவரையும் அவளையும் எதிரெதிரே உட்கார வைத்து “என்னம்மா பிரச்சினை, சொல்லு” என்றால் அவள் என்ன சொல்வாள்? அன்றிரவு அவரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். கூட வந்த மாமியாரையோ, அக்கறையாகத் தோன்றும் அண்ணனையோகூட வெளியே இருக்கச் சொல்வார்கள் தேர்ந்த ஆலோசகர்கள். அடுத்தது போன். “நாங்க திரும்பக் கூப்பிடலாமா? எந்த நேரம் கூப்பிட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்லை? வேற யாராவது எடுத்தா நான் யாருன்னு சொல்லணும்?” என்று கேட்காமல் திருப்பி அழைத்தால், உதவ நினைத்த அந்த அழைப்பே ஓர் அடிக்குக் காரணமாகிவிடும்.

பிறகு ஆபத்தை அளக்கும் கேள்விகள். அமெரிக்கச் செவிலியரான ஜாக்லின் கேம்ப்பெல், கணவன்மாரால் கொல்லப்பட்ட பெண்களின் வரலாறுகளை ஆராய்ந்து, 1980-களின் நடுவில் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார். உலகெங்கும் இந்தப் பணியில் இருப்பவர்கள் ஏதோ ஒரு வடிவில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா? கத்தி, அரிவாள் என்று ஆயுதம் காட்டியிருக்கிறாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? நீ போனால் உன்னையும் கொன்று நானும் சாவேன் என்று சொல்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கழுத்தை நெரித்ததில் வெளியே காயம் தெரியாமல் போகலாம். அவளே அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டாள். ஆனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. ஆகவே “ரெண்டு அறை விட்டார், அவ்வளவுதான்” என்று அவள் சொல்லும்போதும் பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்வியை விடாமல் கேட்பார். “ஆமா, ஒருதடவை கழுத்தைப் பிடிச்சாரு” என்று பதில் வந்தால் அவருடைய முகத்தில் மாற்றம் தெரியாது. வேலையின் வேகம் மாறும்.

விட்டுப் பிரியும் தருணம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். “இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு ஏன் இருக்கிறாள், கிளம்பி வர வேண்டியதுதானே” என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்கிறார்கள். அவள் கிளம்பிய அன்றோ, விவாகரத்து நோட்டீஸ் போன வாரத்திலோ நடந்த கொலைகளைச் செய்தித்தாளில் நாமே படித்திருக்கிறோம். அதனால் கிளம்புவதையும் திட்டமிட வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவர் வீட்டில் வைப்பது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு குறிச்சொல் பேசி வைப்பது. சண்டை தொடங்கினால் சமையலறைப் பக்கம் போகாமல் வாசல் உள்ள அறைக்கு நகர்வது. பிள்ளைக்கு 181-ஐயோ, அவசர உதவி எண்ணான 112-ஐயோ அழைக்கச் சொல்லிக் கொடுப்பது. இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகளாகச் சேர்த்து ஒரு பாதுகாப்புத் திட்டம் உருவாகும். இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கப் போகிற பெண்ணுக்கும் இது உண்டு. முடிவு அவளுடையது. இந்தப் பணியாளர் அவளுக்காக முடிவெடுப்பதில்லை. எந்த முடிவெடுத்தாலும் அவள் உயிரோடிருக்க வழி செய்கிறார். திரும்பிப் போன பெண் மூன்றாம் முறை வந்து நிற்கும்போது “நான் அப்பவே சொன்னேன்ல” என்ற பேச்சு வராத இடமே நல்ல சேவை மையம். அதிகாரம் முழுக்க இன்னொருவர் கையில் இருந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்கு, இங்கேயும் ஒருவர் அதிகாரம் செலுத்தினால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. சமரசம். “அனுசரிச்சுப் போம்மா”, “குழந்தைங்க முகத்தைப் பாரு”, “குடிக்காதப்ப நல்ல மனுஷன்தானே” என்று உறவினர் சொல்வார்கள்; ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்; காவல் நிலையத்திலும் அதுவே ‘கவுன்சிலிங்’ என்ற பெயரில் நடக்கும். சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது அது பெரிய முன்னேற்றம். ஆண் காவலர்கள் நிறைந்த நிலையத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கிய எத்தனையோ பெண்களுக்கு அது வாசல் திறந்தது. இன்றும் கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு அலுவலர் யாரென்று தெரியாது. மகளிர் ஸ்டேஷன் எங்கே என்று தெரியும். ஆனால் அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டு, இருவரையும் கூப்பிட்டு, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது சர்வ சாதாரணம். ரசீது கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது. 2005 சட்டத்தின் 5-வது பிரிவு போலீஸுக்குத் தெளிவான கடமை ஒன்றை வைத்திருக்கிறது: பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சேவை அமைப்புகள் இருக்கின்றன, இலவசச் சட்ட உதவி கிடைக்கும், குற்றவியல் புகாரும் கொடுக்கலாம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சமாதானம் பேச வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. குடும்பத்தைச் சேர்த்து வைத்த கணக்கு எந்தச் சேவையின் வெற்றியையும் காட்டாது என்பது என் உறுதியான கருத்து.

காவல் நிலையத்துக்குள்ளேயே இதை மாற்ற முடியும் என்பதற்கு மும்பையில் நல்ல சான்று இருக்கிறது. 1984-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான ‘ஸ்பெஷல் செல்’ ஒன்றைத் தொடங்கியது. அதில் உட்கார்ந்தவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள். பெண் சொல்வதை அவர்கள் கேட்பார்கள். எதிர்த்தரப்பை வரவழைக்கக் காவல்துறையின் அதிகாரம் பக்கத்து மேசையில் இருக்கும். சீருடைக்குப் பயப்படும் ஆள் பேச்சைக் குறைப்பான். சீருடை இல்லாதவரிடம் பெண் மனம் திறப்பாள். அந்த ஏற்பாடு பின்னால் மகாராஷ்டிர அரசின் திட்டமாகவே வளர்ந்தது, வேறு மாநிலங்களுக்கும் பரவியது. தலைமை என்பது இப்படிப்பட்ட வேலைதான். தனியாக ஒரு மையம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிடக் கடினமான காரியம், ஏற்கெனவே இருக்கும் அரசு அமைப்புக்குள் இடம் பிடித்து, அதன் பழக்கத்தை உள்ளிருந்து மாற்றுவது.

மருத்துவமனையிலும் இதே முயற்சி நடந்தது. 2000-ஐ ஒட்டி மும்பை மாநகராட்சியும் ‘செஹத்’ என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து பாந்த்ரா பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. போலீஸுக்குப் போகாத பெண்ணும் ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தே தீருவாள் என்பதே அதன் அடிப்படை. வழுக்கி விழுந்தேன் என்பாள், கதவு இடித்தது என்பாள். பூச்சிமருந்து குடித்த பெண்ணின் சீட்டில் ‘தவறுதலாக’ என்று எழுதியிருக்கும். செவிலியருக்கும் மருத்துவருக்கும் இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்கவும், “வீட்ல யாராவது உங்களைக் கஷ்டப்படுத்துறாங்களா?” என்று தனியாக, பதற்றமின்றிக் கேட்கவும் பயிற்சி கொடுத்தார்கள். கட்டுப்போட்டு அனுப்புவதோடு நிற்காமல் அதே கட்டடத்தில் இருக்கும் ஆலோசகரிடம் கூட்டிப்போனார்கள். பெண்ணுக்கு வீட்டில் சொல்லவும் ஒரு காரணம் கிடைத்தது: ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன்.

சென்னையில் 2001 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவிவரும் பி.சி.வி.சி. அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். குற்றவியல் துறையிலிருந்து வந்த பிரசன்னா கெட்டு அதை நிறுவியவர்களில் ஒருவர். நெருக்கடிநேரத் தொலைபேசி, தங்கும் இல்லம் என்று தொடங்கிய அவர்களுடைய பணி, தீக்காயம் பட்ட பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில் ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாசகம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும்! கட்டிலருகே கணவர் வீட்டார் நிற்கும்போது வேறெதைச் சொல்வாள்? பிழைத்துவந்த பெண்ணுக்கு வழக்கு மட்டும் போதாது. ஒட்டிக்கொண்ட கழுத்தும் மடங்கிப்போன விரல்களும் நேராகப் பிசியோதெரபி வேண்டும். கண்ணாடி பார்க்கத் துணை வேண்டும். தெருவில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கும் கண்களைத் தாங்கப் பழக வேண்டும். சம்பாதிக்க ஒரு வழி வேண்டும். இது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நீளும் வேலை. புகார் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் எந்த மாதாந்திர அறிக்கையிலும் இது அடங்காது.

இத்தனையும் செய்கிறவர்களின் நிலை என்ன? களப்பணியாளர்களும் ஆலோசகர்களும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். நிதி வரத் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். இரவு வேலை, மிரட்டல் போன், மையத்தின் வாசலில் வந்து நின்று கத்தும் கணவர், உள்ளூர்ப் புள்ளி ஒருவரின் சிபாரிசு என்று எல்லாம் சேர்ந்து வரும். நாள் முழுக்கப் பிறர் வலியைக் கேட்டுவிட்டுப் போகிறவருக்குத் தூக்கம் கெடும். தன் வீட்டில் குரல் சற்று உயர்ந்தாலே உடல் நடுங்கும். கொஞ்ச காலத்தில் மனம் மரத்துப் போய் எதிரே அழுகிறவளின் பெயர்கூட நினைவில் நிற்காமல் போகும். அவர்களில் சிலருடைய சொந்த வீட்டிலேயே இந்தக் கொடுமை நடந்துகொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே இந்தச் சேவையை வழிநடத்துவோரிடம் நான் எதிர்பார்ப்பது மேடைப் பேச்சை அல்ல. ஒவ்வொரு வாரமும் குழுவை உட்கார வைத்து, கனமான வழக்குகளை ஒருவர் தோளில் மட்டும் விடாமல் சேர்ந்து பேசுகிறாரா? ஆலோசகருக்கே ஆலோசனை சொல்ல மூத்தவர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாரா? மிரட்டல் வந்தால் பணியாளரைத் தனியாக விடாமல் தாமே புகார் கொடுக்கிறாரா? பெண் தங்கியிருக்கும் இல்லத்தின் முகவரியை எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் சொல்ல மறுக்கிறாரா? நள்ளிரவில் ஆட்டோ பிடிக்கவும், பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்கவும், முதல் மாத வாடகைக்கும் விதிமுறை பார்த்துக் காத்திருக்காமல் செலவழிக்கக் கொஞ்சம் பணம் கையில் வைத்திருக்கிறாரா? நன்கொடையாளரின் விளம்பரத்துக்காகப் பெண்களின் முகத்தைக் காட்ட மறுக்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வரும் மையத்தில்தான் நல்ல பணியாளர் நிலைத்து நிற்பார். ஒரு பெண்ணின் வழக்கு முடிவதற்குள் மூன்று களப்பணியாளர் மாறினால், அவள் தன் கதையை மூன்று முறை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நடந்த பின் ஓடுவது மட்டும் போதாது, நடக்காமல் தடுக்கவும் முடியும் என்பதற்கு உகாண்டாவில் ஆதாரம் கிடைத்தது. ‘ரெய்சிங் வாய்சஸ்’ என்ற அமைப்பு உருவாக்கிய ‘சாசா!’ திட்டத்தில், கம்பாலா நகரின் குடியிருப்புகளில் அங்கேயே வாழும் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, கடையிலும் தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் அக்கம்பக்கத்தாரோடு வீட்டு அதிகாரத்தைப் பற்றித் தொடர்ந்து பேசினார்கள். 2014-இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் முந்தைய ஓராண்டில் துணைவரால் நேர்ந்த உடல் வன்முறை மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வருகிறார்கள். கடன் தவணையும் தடுப்பூசியும் பேசும் இவர்களுக்கு இதையும் பேசப் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தால், முதல் அடி விழுந்த வீட்டிலேயே ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். ஆண்களோடு பேச ஆண்களும் வேண்டும். பெண்களை மட்டும் கூட்டி உட்கார வைத்து விழிப்புணர்வு தந்தால் பாரம் மறுபடி அவர்கள்மேல்தான் ஏறும்.

இலங்கையில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கேயும் 2005-இல்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அங்கே அரசின் மகளிர் உதவி எண் 1938. 1987 முதல் இயங்கும் ‘விமன் இன் நீட்’ அமைப்பு ஆலோசனை, சட்ட உதவி, தங்குமிடம் வழங்குகிறது.

இனி, இதைப் படிக்கும் உங்களுக்கு. பக்கத்து வீட்டில் நடப்பதைச் சொல்ல நீங்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 2005 சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, குடும்ப வன்முறை நடந்தது அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது. ஆனால் முடிந்தால் முதலில் அந்தப் பெண்ணிடம், தனியாக இருக்கும்போது கேளுங்கள். உங்கள் அழைப்பால் அவளுக்கு என்ன நேரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். உயிருக்கு ஆபத்து என்று அலறல் கேட்டால் காத்திருக்க வேண்டாம், 112-ஐ அழையுங்கள்.

நீங்களே பாதிக்கப்பட்டவர் என்றால், புகார் கொடுக்க முடிவு செய்த பிறகுதான் 181-ஐ அழைக்க வேண்டும் என்பதில்லை. என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்க மட்டும் அழைக்கலாம், பேசிவிட்டு வைத்துவிடலாம், அடுத்த மாதம் மறுபடி அழைக்கலாம். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வக்கீல் தேவையில்லை. டி.ஐ.ஆர். எழுத அவர் மறுத்தாலோ, தாமதித்தாலோ மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுங்கள். நடுவர் நீதிமன்றத்துக்கு நேரடியாகவும் மனு செய்யலாம். நடுவரின் ஆணைப்படி நடக்கத் தவறும் பாதுகாப்பு அலுவலரே தண்டனைக்கு உரியவர் என்கிறது 33-வது பிரிவு. வக்கீல் வேண்டுமென்றால், 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் எவ்வளவானாலும் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், இல்லை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும், பள்ளி வாசலிலும், ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்க எந்த அனுமதியும் தேவையில்லை.